டாவோசிலிருந்து ஐரிஷ் மச்சானைக் கூட்டிவந்த கதை

காலை 6.40. சுவிசில் நாங்கள் இருக்கிற எம்மன்புரூக்கேயின் ரயில் நிலையத்தில் கால் வைக்கும்போதே தங்கச்சி மூன்றாவது தடவை போன் எடுத்துவிட்டாள்.

“அண்ணா, வெளிக்கிட்டிட்டியளோ? அவரைக் கையோட கூட்டிக்கொண்டு வாங்கோ.”

அவர் என்றால் அவளுடைய புருசன் கோனர். அயர்லாந்துக்காரன். பிழைப்புத் தேடி டாவோசுக்கு வந்து, ஹோட்டல் சமையலறையில் எங்கள் ஆட்களோடு கோப்பை கழுவித் தமிழ் பழகியவன். இளவயதில் தன் நாட்டுப் படையில் இருந்தவன். தங்கச்சி மூன்று மாதக் கர்ப்பமாக இருந்தபோது, உக்ரைன்காரர் தங்கள் நாட்டைக் காக்கிற சண்டையில் தானும் நிற்கப்போகிறேன் என்று போய்விட்டான். சுவிஸ் குடிமகன் வேறு நாட்டுப் படையில் சேர்ந்தால் குற்றம். இவனிடம் இருப்பது அயர்லாந்துக் கடவுச்சீட்டு, யார் தடுப்பது?

இப்போது லீவில் வந்தவன் வீட்டுக்கு வராமல் டாவோசிலேயே நிற்கிறான். இன்று அவன் மகளுக்கு முப்பத்தோராம் நாள், பிள்ளை பிறந்த தீட்டு நீங்குகிற துடக்குக் கழிவு. விளக்கு வைக்கும் முன் தகப்பன் பிள்ளையின் காதில் வீட்டுப் பேர் சொல்வது எங்கள் வழக்கம். நகரசபையில் பதிந்த பேர் கடதாசிக்குத்தான். வீட்டில் கூப்பிடுவது காதில் சொன்ன பேரால். அந்தத் தகப்பனைப் பிடித்துவர மாமன்காரன் நான் போகிறேன்.

லூசேர்னில் ஒரு ரயில் மாற்றம், சூரிச்சில் இன்னொன்று. சூரிச் நிலையத்தில் ஒரு கோப்பி ஐந்து பிராங்க் இருபது. அதைக் குடிக்கவும் பொறுமை இல்லை. இடப்பக்கம் வாலன்சே ஏரியும் அதன் மேல் செங்குத்தாக மலைகளும் வந்தன. எதிரில் இருந்த சுவிஸ் அம்மா, “வடிவாயிருக்கு, என்ன?” என்று ஜெர்மனில் கேட்டார். “ஓம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு மணியைப் பார்த்தேன். லாண்ட்குவார்ட்டில் சின்னச் சிவப்பு ரயில். அது மலையில் வளைந்து வளைந்து ஏறுகிற வேகத்துக்கு இறங்கித் தள்ளலாமோ என்று இருந்தது.

பத்தரை மணிக்கு டாவோஸ் பிளாட்ஸ். ஹோட்டலின் பின்கதவால் போனேன். லீவில் வந்த படைவீரர் சட்டி தேய்த்துக்கொண்டு நிற்கிறார்!

“வாங்கோ அண்ணை,” என்றான். மச்சான் என்று கூப்பிட வேண்டிய என்னை அண்ணை என்பது அவன் சமையலறையில் பழகிய பழக்கம்.

“இதென்ன, சம்பளமில்லாத வேலையோ?”

“சும்மா இருக்கேலாம இருக்கு.”

“வீட்ட வா. பிள்ளை பாத்துக்கொண்டிருக்கு.”

“வரேலாது அண்ணை. அவளைத் தூக்கினால் நான் திரும்பிப் போகமாட்டன். அங்க என்னோட சண்டையில நிண்ட பெடியள் நிக்கிறாங்கள்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் ஊரில நடந்த என்ர சொந்தச் சண்டையை விட்டே ஓடி வந்தனான். நீ ஆரின்ரயோ சண்டைக்கு ஓடுறாய். உனக்கென்ன விசரோ?”

“எங்கட அயர்லாந்தும் ஒரு காலம் அடிமையாக் கிடந்தது. அப்ப ஆராவது வந்திருக்கலாம் எண்டு என்ர அப்பா சொல்லுவார்.” கையைத் துடைத்தான். “போனைப் பிள்ளையின்ர காதில வைக்கச் சொல்லுங்கோ. இஞ்சயிருந்தே பேர் சொல்லுறன்.”

தங்கச்சிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவள் போட்ட சத்தம் சமையலறை முழுக்கக் கேட்டது.

“போனில பேர் வைக்க அவளென்ன பார்சலோ? வந்து சொல்லட்டும். வராட்டி என்ர பிள்ளை பேரில்லாமலே இருக்கும்!”

போன் கட். கோனர் அந்தச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். பிறகு போய்ப் பையை எடுத்துவந்தான்.

பன்னிரண்டு மணி ரயில். ஒரு நிமிடம் இருக்கவில்லை மனுசன். வாசலடியில் நின்றான், ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி ஏறினான். சுரங்கப்பாதைக்குள் மட்டும் அமைதி. வெளிச்சம் வந்ததும் கண் வானத்துக்குப் போய்விடும். அங்கே சண்டையில் வானத்திலிருந்து குண்டோடு ட்ரோன் வருமாம். லாண்ட்குவார்ட்டில் அவன் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன். பையை விட்டு ஓடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

நாலு மணிக்கு வீடு. தங்கச்சி பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள். அவன் குனிந்து காதோடு மூன்று தரம் சொன்னான். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

“என்ன பேர் சொன்னனீங்கள்?” என்று தங்கச்சி கேட்டாள்.

“அவளுக்குத் தெரியும். உனக்குத் திரும்பி வந்து சொல்லுறன்.”

கன்னத்தைப் பொத்தி ஓர் அறை விடலாம் போல இருந்தது எனக்கு. தங்கச்சி அழுதாள். மூன்று நாள் அவன் பிள்ளையை நெஞ்சை விட்டு இறக்கவில்லை. நாலாம் நாள் காலை போய்விட்டான்.

டாவோஸ் எவ்வளவு தூரம் என்று கேட்டால் நாலு மணித்தியாலம் என்று சொல்லுவேன். அவன் இப்போது நிற்கிற இடத்துக்கு வழி கேட்காதீர்கள். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகிறது. தங்கச்சி தனக்குத் தெரிந்த தமிழ்ப் பேர், அயர்லாந்துப் பேர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கிறாள், பிள்ளை எதற்குத் திரும்புகிறாள் என்று. கள்ளி, எல்லாப் பேருக்கும் சிரிக்கிறாள்.