ரோபோவுக்குப் பயந்த டெக்னீஷன்

சிறுநீர் வார்டில் காது மந்தமான நோயாளிகள் ரகசியமாகக் கேட்பார்கள்; மிஸ்ஸி என்று அவர்கள் கூப்பிடும் நர்ஸ்தான் கத்திக் கத்திப் பதில் சொல்ல வேண்டும். நர்ஸ் வேலை பார்த்த சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா? தொண்ணூறுகளில் பினாங்கில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் பட்டதைக் கேளுங்கள்.

படத்தில் வந்த கை

லண்டன் போய் வந்த ஜோரில் எங்கள் டாக்டர் வார்டிலேயே படம் போட்டுக் காட்டினார். ஒரு ரோபோவின் இரும்புக் கை, வீங்கிப்போன புராஸ்டேட் சுரப்பியைச் சுரண்டுகிறதாம். "இனிமே இதுதான்" என்றார். இங்கே வருமா, வராதா, எப்போது வரும்? எனக்கே ஒன்றும் விளங்கவில்லை.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி டெக்னீஷன் மாணிக்கம் அண்ணன் முன்னால் உட்கார்ந்திருந்தார். புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்து, டியூபும் பையுமாக அலைந்தவர். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். பையைக் கழற்றிவிட்டு வேட்டியோடு மணவறையில் உட்கார வேண்டும், அது ஒன்றுதான் அவர் கவலை. தினமும் ரோபோவோடு வேலை செய்கிறவராயிற்றே, சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மனுஷன் முகம் வெளுத்துவிட்டது.

"மிஸ்ஸி, எங்க ஃபேக்டரி ரோபோ போன வாரம் சர்க்யூட் போர்டை விட்டுட்டு மேசையைத் துளைச்சிருச்சு. மேசையை மாத்திட்டோம். என்னை எப்படி மாத்துவீங்க?"

சிவப்புப் பட்டன்

ஆபரேஷன் அன்று தியேட்டரில் புது டிவியும் கேமரா ஒயர்களும் இருந்தன. சிறுநீர்ப் பாதை வழியாகவே குழாயை விட்டு, உள்ளே இருப்பதைத் திரையில் பார்த்துச் செய்வதற்கு. அண்ணன் அதைப் பார்த்தாரோ இல்லையோ, பையைக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளுவண்டியிலிருந்து இறங்கிவிட்டார். "நிறுத்துற சிவப்புப் பட்டன் எங்க? எல்லா மெஷின்லயும் இருக்கும்லா!"

டாக்டரும் நானும் மாறி மாறிச் சொன்னோம். அது வெறும் டிவி, செய்வது டாக்டர் கைதான் என்றால் நம்பினால்தானே! எனக்கு வந்ததே கோபம். "நான்தான் அண்ணே பட்டன்! இடுப்புக்குக் கீழதான் மரத்துப்போகும், வாய் நல்லாத்தான் இருக்கும். ஏதாச்சும்னா சொல்லுங்க, நான் கத்துறேன்."

ஒருவழியாகப் படுத்தார். "சரி லா. ஆனா பட்டன் டீ குடிக்கப் போயிறக்கூடாது."

கதவுக்கு வெளியே

சில நாள் கழித்து டியூபை எடுத்தோம். சிறுநீர் தானாகப் போனால் மணவறை, போகாவிட்டால் மறுபடி பை. அண்ணன் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நானும் அவர் மனைவியும். உள்ளே சத்தமே இல்லை. அக்கா என் கையை நெரிக்கிறார். "ஒரு தையல்கூட இல்லையே மிஸ்ஸி, நிஜமாவே ஆபரேஷன் பண்ணீங்களா?" கூடவே இருந்த எனக்கே சந்தேகம் வந்துவிட்டது!

அப்புறம் சத்தம் கேட்டது. பைப்பைத் திறந்துவிட்டாரோ என்று ஒரு நிமிஷம் குழம்பினேன். கதவு திறந்தது. அண்ணன் கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கும் அழுகை வந்துவிட்டது, இதில் என்ன வெட்கம்.

"மிஸ்ஸி, கல்யாணத்துக்கு டாக்டரையும் கூட்டிட்டு வாங்க. ரோபோவை மட்டும் கூட்டிட்டு வந்துறாதீங்க!"

நான் இருந்தவரை எங்கள் ஆஸ்பத்திரிக்கு ரோபோ வரவே இல்லை. ஆனால் வராத அந்த ரோபோவுக்காக நான் பட்ட பாட்டை எந்த ரோபோவாலும் பட முடியாது.