ஆடாமல் இருந்த அத்தான்

எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க வராது. கமராவுக்கூடாக என்றால் யாரையும் எவ்வளவு நேரமும் பார்ப்பேன். அக்காவின் மகன் கனடாவில் இருந்து வந்து தன் பழைய கமராவை எனக்குத் தந்துவிட்டுப் போன நாளிலிருந்து ஒரே ஆசைதான். படம் துல்லியமாக விழவேண்டும். அச்சுவேலியில் நான் வெங்காயத் தோட்டம் செய்கிறவன். வெங்காயத் தோலின் நரம்புகூடப் படத்தில் தெரியவேண்டும். இலை அசைந்தால் காற்றோடு கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

இந்த ஆசை எனக்கு வேலை வைத்தது அக்காவின் புருசனான அத்தானால்தான். அவருடைய தமையன் செத்தபோது வீட்டில் நல்ல படம் ஒன்றும் இருக்கவில்லை. அடையாள அட்டையில் இருந்ததைப் பெருப்பித்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று செத்தவரின் நினைவாகக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தின் அட்டையில் போட்டார்கள். சாப்பிட வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இது ஆர் என்று கேட்டார்கள். அத்தானுக்குச் சாவில் பயமில்லை. மங்கலாகப் போய்விடுவேனோ என்றுதான் பயம்.

"தம்பி, கல்வெட்டிலை என்ரை மூக்கு என்ரை மூக்காய் இருக்கவேணும்" என்றார்.

அவரோ சும்மா இருக்கும்போதும் கால் ஆட்டுகிறவர். பட்டு வேட்டி, சால்வை, திருநீற்றோடு வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருத்தி, முக்காலியில் கமராவைப் பூட்டி, மூச்சை அடக்கச் சொன்னேன். அடக்கினால் முகம் வீங்கியது. விட்டால் சால்வை ஆடியது. பல நாள் இப்படியே போனது. குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அக்கா, "செத்தாப்பிறகு எடுத்தால் ஆடமாட்டார்தானே" என்றாள்.

ஒரு பின்னேரம் படம் துல்லியமாக விழுந்தது. புருவமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியே நின்றது. கண்மணிக்குள் எங்கள் யன்னல் கம்பிகள் தெரிந்தன. சந்தோசம் தாங்காமல் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுதினால் பிழை வரும் என்ற கூச்சத்தில் ஒரு சொல்லும் எழுதவில்லை.

எங்கள் குழுவில் பட்டு வேட்டியும் வெள்ளைச் சுவருமாக ஒரு படம் சொல்லில்லாமல் வந்தால் அதற்குக் கருத்து ஒன்றுதான். நான் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வருவதற்குள் லண்டனும் பாரிசும் கைகூப்பி இரங்கல் தெரிவித்துவிட்டன. கொடிகாமத்தில் இருந்து ஒரு தம்பிமுறைக்காரன் பந்தல் போடத் தறப்பாளும் கயிறுமாக வந்து இறங்கினான். அத்தான் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவன் என்னிடம், "உவர் இருக்கிறாரே?" என்று கேட்டான். குரலில் ஒரு மனத்தாங்கல் இருந்தது.

கனடாவில் இருந்து மகன் தொலைபேசியில் அழுது, தகப்பனின் குரலைக் கேட்டபிறகு நம்பினான். குழு நம்பவில்லை. தான் சாகவில்லை, ஒருவரும் அழவேண்டாம் என்று அத்தான் குரலைப் பதிந்து அனுப்பினார். பாரிஸ் மாமி முழுவதையும் கேளாமலே, கடைசியாக எவ்வளவு வடிவாகக் கதைத்திருக்கிறார் என்று எழுதினாள். இன்னொரு படம் எடுத்து அனுப்பினேன். அதுவும் துல்லியம். கல்வெட்டுக்கு இதுதான் பொருத்தம் என்று பதில் வந்தது.

அத்தானுக்குப் பொறுமை போய்விட்டது. "உன்ரை படத்திலை ஒருதரும் உயிரோடை இருக்கேலாது. ஆட்டி எடு."

எனக்கு ஆட்டி எடுக்க வரவில்லை. அத்தான் முற்றத்தில் ஓடினார், கையை வீசினார், குதித்தார். நல்ல வெயில். கமரா அவரை அந்தரத்தில் விரல் விரலாகப் பிடித்து வைத்தது. கோபுரத்துச் சிலை மாதிரி இருந்தார். கடைசியில் கமராவை முக்காலியில் இருந்து கழற்றி, கதவைச் சாத்தி இருட்டாக்கிய அறைக்குள் அத்தானை ஆடவிட்டு, என் முழங்கையை அக்காவைக்கொண்டு உலுக்குவித்து எடுத்தோம். அத்தானுக்கு மூன்று மூக்கு. சால்வை புகை மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

உடனே பாரிஸ் மாமி, "ஐயோ, மனுசன் இருக்கிறார்" என்று எழுதினாள்.

தறப்பாளைச் சுருட்டிக் கட்டி அனுப்பியபின் அந்த நல்ல படத்தைப் பெரிதாக்கி அத்தானுக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். மூக்கு அவருடைய மூக்குத்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் எல்லாரும் ஒருமுறை அழுது முடித்த படத்தை மறுபடி கல்வெட்டில் எப்படிப் போடுவது என்று கேட்டார். எனக்கும் அது ஞாயமாகத்தான் பட்டது.

அடுத்த படத்துக்கென்று புதுச் சால்வை வந்துவிட்டது. அத்தான் சுவருக்கு முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறார். நான் இன்னும் கமராவை முக்காலியில் பூட்டவில்லை.