மத்தியானத்தில் அடுப்பணைத்த என் தங்கை

நானுஓயா ரயிலடிக்குப் போகிற வழியில், பாறையைக் குடைந்து நிற்கிறதே தேத்தண்ணிக் கடை, அதைக் கட்டியவன் நான். உளி பிடித்தது நான். பலகைச் சுவர் அடித்தது நான். ஊற்றுத் தண்ணீரை மூங்கில் வைத்துக் கடைக்குள் இறக்கியது நான். பூண்டுலோயாவில் இன்னொரு கடை திறந்ததும் நான்தான். படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. தோட்டத்து வரிசைவீடான லயத்தில் பிறந்தவனுக்குக் கடை எதற்கு என்று கேட்டவர்களில் பாதிப்பேர், பிறகு என் கடையில்தான் தேத்தண்ணி குடித்தார்கள்.

இதைச் சொல்லாமல் என் தங்கையைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்தக் கடையின் அடுப்பு அவளுடையது. இந்த நினைவு மலரில் மறைந்தவரை ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும் என்று அவள் மகன், என் மருமகன், சொன்னான். ஊருக்கு அவர். எனக்கு அவள்.

பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தாள். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்கு நிற்கிற வயது வந்ததும் கொழுந்து பறிக்கப் போனாள். நானுஓயாப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மச்சானுக்குக் கட்டிக்கொடுத்தோம். நாடு சுதந்திரமான சமயத்தில் நானும் தோட்டத்தை விட்டு அவர்களிடம் வந்தேன். அவள் வடை சுட, நான் கூடையில் சுமந்து ரயிலடியில் விற்றேன். பனிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியிருந்தவர்களும் அந்த வாசத்துக்குத் திறந்தார்கள். கூடை, கடையானது.

கடையான பிறகு வந்த ஆர்டர் எதையும் நான் விடவில்லை. ஒரு வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு மூன்று தோட்டத்தார் ஒரே நாளைக்கு வடை கேட்டார்கள். மூவருக்கும் சரி என்றேன். ஏற்கெனவே தங்கைக்குக் காலையில் விரல் விரியாது. வெந்நீரில் கையை வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்துவாள். புகையில் கண் சிவந்தே கிடந்தது. திருவிழாவுக்கு முன்தினம் பட்டப்பகலில், கொதிக்கிற சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். தலை எண்ணெய்ப் பக்கம் சாய்ந்தது. நான் பார்த்தேன், தோளைப் பிடித்து இழுத்தேன். இல்லாவிட்டால் அன்றைக்கே இந்த மலர் அச்சாகியிருக்கும்.

கண் விழித்தவள் எழுந்தாள். அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். ஆட்டுக்கல்லிலிருந்து குழவியை எடுத்தாள். பின்னறைக்கு உருட்டிக்கொண்டு போய்ப் பாயில் கிடத்தி, பிள்ளையை அணைப்பதுபோல் அதன்மேல் கையைப் போட்டுப் படுத்துவிட்டாள். வாளியில் பருப்பு ஊறிக்கிடக்கிறது, அரைக்கக் குழவி இல்லை.

“வாக்குக் குடுத்துட்டேன் தங்கச்சி,” என்றேன்.

“நீங்க குடுத்தது உங்க வாக்கு அண்ணே. என் கையையும் சேத்தா குடுத்தீங்க?”

“ஒரு நாளுதானே.”

“தெனமும் ஒரு நாளுதான். நான் சட்டியில விழுந்துட்டா நாளைக்கு யாரு சுடுவா? போயிச் சொல்லிட்டு வாங்க.”

போய்ச் சொன்னேன். இரண்டு தோட்டத்துக்கு நானே மலையேறிப் போய், முடியாது என்று சொன்னேன். ஒரு தோட்டத்துத் தலைவர், “பெரிய மொதலாளி ஆயிட்டீங்க போல,” என்றார். வேறு ஆளாக இருந்தால் அந்தப் பேச்சைத் தாங்கியிருக்க மாட்டான். நான் தாங்கினேன். தங்கை தூங்கி எழுந்து, மூன்றாவது தோட்டத்துக்கு மட்டும் சுட்டுக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து அதுவே கடையின் முறையானது. மத்தியான ரயில் போனதும் அடுப்பு அணையும். வெயில் சாயும்வரை குழவி பாயில் படுத்திருக்கும். பக்கத்துப் புடவைக்கடை முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் நானா, தேத்தண்ணிக்கு வந்து எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, குழவி இன்னும் எழும்பல்லியா?” என்று கேட்பார்.

இப்படியே போனால் கடை படுத்துவிடும் என்று நினைத்தேன். படுக்கவில்லை. அடுப்பு அணைவதற்குள் வாங்க வேண்டும் என்று ஆட்கள் முன்னதாகவே வந்தார்கள். திருவிழாக்காரர்கள் கொடியேறுவதற்கு வெகு முன்பே வந்து நாள் கேட்டார்கள். தங்கை பக்கத்து லயத்திலிருந்து இரண்டு பெண்களைச் சேர்த்தாள். இன்றைக்கு அரைத்தவள் நாளைக்கு அரைக்கக் கூடாது, சுட வேண்டும் என்று மாற்றி மாற்றி வைத்தாள். அவர்களில் மூத்தவள்தான் இப்போது பூண்டுலோயாக் கடையைப் பார்க்கிறாள். அங்கேயும் மத்தியானத்தில் அடுப்பு கிடையாது.

அந்த மத்தியானங்களில் தங்கை தூங்கினாள். பிள்ளைகளுக்குத் தலை வாரினாள். மச்சானுக்கு வேலையில்லாத நாளில் அவரோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். அவள் விரல்கள் நன்றாக விரிந்தன. போன வருடம் நெஞ்சுச் சளி வந்து படுத்தபோதும் வலி, புலம்பல் என்று யாரையும் வருத்தவில்லை. பிள்ளைகள் எல்லாரும் சுற்றி இருக்கக் கண் மூடினாள். நிறைவாக வாழ்ந்துதான் போனாள்.

மழையில் போய் டாக்டரைக் கூட்டிவந்த புடவைக்கடை நானாவுக்கும், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்ட அந்த இரண்டு பெண்களுக்கும், பெட்டி தூக்க வந்த தோட்டத்து ஜனங்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. மருமகன் இந்த மலரின் முதல் பக்கத்தில், தன் தாயார் ‘தனி ஒருவராகக் கடையை வளர்த்தார்’ என்று எழுதி வைத்திருக்கிறான். வளர்த்தது அவள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் தூங்கிய அத்தனை மத்தியானமும் வாசலில் நின்றவன் யார்? கையில் காசோடு வந்தவர்களைச் சத்தம் போடாமல் திருப்பி அனுப்பியவன் யார்? யாபாரிக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. அந்த வேலையைச் செய்தவன் அவள் அண்ணன். அச்சுக்குப் போவதற்கு முன் முதல் பக்கத்தில் அதையும் சேர்க்க வேண்டும், என் பெயரோடு.