மடிப்பு எங்கே வரும்

துணி வெட்டும் மேஜையில் இருபத்திரண்டு வருஷம் நின்றவளுக்குக் கத்திரியக்கா என்பதைத் தவிர வேறு பெயர் இருந்ததாகத் தொழிற்சாலையில் யாருக்கும் நினைவில்லை. எண்பது துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து அடுக்கி, மேலே காகித அச்சை வைத்து, மின்கத்தியை ஒரே ஓட்டமாக ஓட்டுவாள். மேல்துணியில் விழுந்த கழுத்து வளைவு எண்பதாவது துணியிலும் நூலளவு பிசகாமல் விழுந்திருக்கும். மேலே கோடு தப்பினால் எண்பதும் தப்பு என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் அங்கே கிடையாது.

இஸ்திரிப் பகுதியில் இருந்தவள் ஆவி. ஒல்லி, நல்ல உயரம், நாள் முழுக்க நீராவிக்கு நடுவே நிற்கிறவள். “இருட்டுல பார்த்தா பயந்துடாதீங்க, நான் உசுரோட இருக்கற ஆவி” என்று அவளே சொல்லிக்கொள்வாள். முழங்காலுக்குக் கீழே அவளுக்கு நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. அதிகம் நிற்காதே என்றார் டாக்டர். நிற்காமல் இஸ்திரி போடுவது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் தேறுகிறவர்களுக்கு தைத்த சட்டையில் குறை பார்க்கும் செக்கிங் மேஜையில் இடம் தரப்படும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது ஆவிதான் முதலில் பெயர் கொடுத்தாள். செக்கிங் மேஜைக்கு நாற்காலி உண்டு. அவளுக்கு அது போதும்.

கத்திரியக்கா பெயர் கொடுத்தது ஆவி இழுத்ததால்தான். “வாங்கக்கா. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியம்.”

வகுப்பு, ஞாயிறு காலை, சாப்பாட்டுக் கூடத்தில். மொத்தம் பதினொரு பேர். டீச்சருக்கு இருபத்தாறு வயது. எல்லோரையும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. வாராவாரம் ஆளுக்கொரு பக்கம் எழுதித் தர வேண்டும்: இந்த வாரம் என்ன புரிந்தது, எங்கே தடுக்கியது. “பஸ்ல போகும்போது படிப்பேன். அதைப் பார்த்துதான் அடுத்த வாரம் என்ன எடுக்கணும்னு முடிவு பண்ணுவேன். பொய் எழுதாதீங்க.”

அந்தத் தொழிற்சாலையில் இது நடக்கிற காரியமா? “புரிஞ்சுதா?” என்று சூப்பர்வைசர் கேட்டால் “புரிஞ்சுது” என்று சொல்லிவிட வேண்டும். புரியவில்லை என்றவளை மறுநாள் பிசிறு வெட்டும் மூலைக்கு அனுப்பிவிடுவார்கள். முதலில் தலையாட்டு, பிறகு பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டுக்கொள் என்பதுதான் புதிதாக வருகிறவளுக்கு அங்கே கிடைக்கும் முதல் பாடம். பக்கத்தில் இருப்பவளுக்கும் தெரியாதபோது என்ன செய்வது என்று யாரும் யோசித்ததில்லை.

கத்திரியக்காவின் முதல் பக்கம் நேர்மையாகத்தான் இருந்தது. ‘மைனஸ் மூன்றை மைனஸ் மூன்றால் பெருக்கினால் ஒன்பது. கடன்காரனும் கடன்காரனும் சேர்ந்தால் பணக்காரன் ஆவது எப்படி என்று புரியவில்லை.’ டீச்சர் அதை வகுப்பில் வாசித்துவிட்டுச் சிரித்தாள். பிறகு ஒரு மணி நேரம் அதற்கே செலவழித்தாள்.

மூன்றாவது வாரம் x வர்க்கத்துக்கு வரைபடம். டீச்சர் கரும்பலகையில் கிண்ணம் மாதிரி ஒரு வளைவு வரைந்ததும் கத்திரியக்காவுக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. சட்டையின் முன்கழுத்தை யாராவது முழுதாக வரைவார்களா? காகிதத்தை இரண்டாக மடித்துப் பாதி வளைவை வரைந்து வெட்டினால், விரிக்கும்போது மறுபாதி தானே வந்து நிற்கும். அவள் வரைபடத் தாளை நடுக்கோட்டில் மடித்தாள். வலது பக்கம் மட்டும் புள்ளி வைத்தாள். குண்டூசியால் குத்தி விரித்தாள். மயிரிழை பிசகாத கிண்ணம்.

டீச்சர் தாளைத் தூக்கிக் காட்டினாள். “இருபது வருஷமா எனக்குத் தெரியாத வித்தை இது!”

அன்று வீட்டுக்குப் போன கத்திரியக்கா புருஷனிடம் மூன்று முறை சொன்னாள். லிப்ட் பழுது பார்க்கிற அவர் நான்காவது முறைக்குக் காத்திருக்கவில்லை. “சரிம்மா. நாளைக்கு ராக்கெட் விடப் போறியா, இல்ல வேலைக்குத்தான் போறியா?”

அடுத்த ஞாயிறு வந்த கணக்கு, x வர்க்கம் மைனஸ் நான்கு x கூட்டல் மூன்று. கத்திரியக்கா யோசிக்கவே இல்லை. தாளை நடுக்கோட்டில் மடித்தாள், வலது பக்கம் ஐந்து புள்ளி வைத்தாள், குத்தினாள், விரித்தாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கிண்ணங்கள்.

ஆவி எட்டிப் பார்த்தாள். “என்னக்கா, பாடி வெட்டியிருக்கீங்க? கொக்கி எங்க வைப்பீங்க?”

கூடமே சிரித்தது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டாள். “மடிப்பு எப்பவும் நடுக்கோட்டுல வரணும்னு இல்லக்கா. வளைவு எங்க திரும்புதோ அங்கதான் மடிப்பு.” கரும்பலகையில் a, b என்று எழுத்து எழுத்தாக ஒரு சூத்திரம் போட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. “இது கொஞ்சம் குழப்பும். புரியலைன்னு எழுதுங்க, அடுத்த வாரம் முழுக்க இதையே எடுக்கறேன்.”

அந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்று பதினொரு பேரில் ஒருத்திக்கும் தெரியவில்லை. கத்திரியக்கா இரண்டு நாள் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வளைவு படுக்கைக்கோட்டை இரண்டு இடத்தில் தொட்டால், இரண்டுக்கும் நட்டநடுவில் மடிப்பு என்பது வரை தானாகக் கண்டுபிடித்தாள். தொடாமல் மேலேயே நின்றுவிடும் வளைவுக்கு என்ன செய்வது? அது பிடிபடவில்லை. ஆனால் எல்லோரும் சிரித்தது காதுக்குள்ளேயே இருந்தது. நான்காம் வாரப் பக்கத்தில் இப்படி எழுதினாள்: ‘மடிப்புக் கோடு எங்கே வரும் என்பது நன்றாகப் புரிந்துவிட்டது. எந்தக் கணக்கு கொடுத்தாலும் கண்டுபிடிக்க முடிகிறது.’

ஞாயிறு காலை டீச்சர் வருவதற்கு முன் கத்திரியக்காவின் பக்கம் மேஜை மேஜையாகச் சுற்றும். அதைப் பார்த்துச் சொற்களை இங்கே இரண்டு, அங்கே இரண்டு மாற்றிப் பத்துப் பேரும் எழுதிக்கொள்வார்கள். அன்று ஆவி மட்டும் பேனாவைத் திறக்கவில்லை.

“அக்கா, எனக்கு மடிப்பு எங்க வரும்னே தெரியல. அப்படியே எழுதிடட்டுமா?”

கத்திரியக்கா அவள் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். இவள் எழுதினால் டீச்சர் எல்லோரையும் கரும்பலகைக்கு ஒவ்வொருத்தியாகக் கூப்பிடுவாள்.

“எழுதாதடி. பத்து பேருக்குப் புரிஞ்சது உனக்கு மட்டும் புரியலைன்னா என்ன நினைப்பாங்க? மண்டையில களிமண்ணுன்னு நினைக்க மாட்டாங்களா? புரிஞ்சுதுன்னு எழுது. நான் அப்புறமா சொல்லித் தர்றேன்.”

“நெசமா?”

“நான் எப்ப பொய் சொல்லியிருக்கேன்?”

ஆவி எழுதினாள். டீச்சர் பதினொரு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள். “அடடா, எல்லாருக்கும் புரிஞ்சிருக்கே! நான்தான் வீணா பயந்தேன்.” அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள்.

ஆவி மூன்று முறை கேட்டாள். முதல் முறை டீ நேரத்தில். அனுப்ப வேண்டிய சரக்கு நிறைய இருக்கிறது, நாளைக்கு என்றாள் கத்திரியக்கா. இரண்டாவது முறை கைகழுவும் இடத்தில், தலைவலி என்றாள். மூன்றாவது முறை வெட்டும் மேஜைக்கே வந்து நோட்டை விரித்தபோது கத்திரியக்கா வெடித்தாள். “ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா உனக்கு?”

ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது இருவருக்குமே தெரியும். ஆவி நோட்டை மூடினாள். “சரிக்கா” என்றாள். பிறகு கேட்கவில்லை.

தேர்வில் அந்த வளைவுதான் வந்தது: x வர்க்கம் கூட்டல் இரண்டு x கூட்டல் மூன்று. படுக்கைக்கோட்டைத் தொடாமல் மேலேயே நிற்கிற வகை. அதற்கு எட்டு மார்க். கத்திரியக்கா எதையும் நம்பாமல் மைனஸ் நான்கிலிருந்து ஒவ்வொரு புள்ளியாகப் போட்டாள். மூன்று, இரண்டு, மறுபடி மூன்று என்று எண்கள் திரும்பிய இடத்தில் கோடு போட்டாள். ஏன் அங்கே திரும்புகிறது என்று கேட்டிருந்தால் முழித்திருப்பாள். இரண்டு வரிசை தள்ளி ஆவி தாளை நடுக்கோட்டில் மடித்துக் குத்திக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள். இந்த முறை இரண்டு கிண்ணம் வரவில்லை. பார்வைக்கு அழகான ஒற்றைக் கிண்ணம்தான் வந்தது. மடிப்பு இடம் மாறியிருந்தாலும், பார்த்ததும் தப்பு என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

கத்திரியக்கா அறுபத்தொன்று. ஆவி இருபத்தெட்டு. தேற முப்பத்தைந்து வேண்டும்.

மார்க் பட்டியலோடு வந்த டீச்சர் கத்திரியக்காவிடம் மட்டும் விடைகளைக் காட்டிவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “ஏழு பேர் அந்த வளைவைத் தப்பா போட்டிருக்காங்க. எல்லாரும் புரிஞ்சுதுன்னு எழுதினதால அதை மறுபடி எடுக்காம விட்டேன். எங்க தப்பு நடந்ததுன்னே எனக்குத் தெரியல.” கத்திரியக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நாற்காலி கிடைத்தது. ஆவி வந்து அதன் முதுகைத் தட்டிப் பார்த்தாள். “நல்லா இருக்குக்கா. சக்கரம்கூட இருக்கே.” குரலில் பொறாமை இல்லை. இருந்திருந்தால் கத்திரியக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “எனக்குத்தான் மண்டையில ஏறல. பத்து பேருக்குப் புரிஞ்சுது, நான் ஒருத்தி மட்டும் என்ன பண்றது? சிலது சிலருக்குத்தான் வரும்.”

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தாள். மறுநாள் ஆவி கூட்டத்தோடு இருந்தாள். ஒரு வாரம் கழித்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு மாதம் கழித்து இன்னும் வெட்கமாக இருந்தது.

இரண்டு மாதம் ஆனபோது அடுத்த வகுப்புக்குப் பட்டியல் ஒட்டினார்கள். இதுதான் கடைசி வகுப்பு, சனிக்கிழமை மாலையோடு பட்டியலை எடுத்துவிடுவோம் என்று கீழே எழுதியிருந்தது. கத்திரியக்கா தினமும் போய்ப் பார்த்தாள். ஆவியின் பெயர் ஏறவில்லை. சனிக்கிழமை காலை இஸ்திரிப் பகுதி வரை போனாள். ஆவி ஒரு காலை மரப்பெட்டி மேல் தூக்கி வைத்துக்கொண்டு காலர் தேய்த்துக்கொண்டிருந்தாள். கத்திரியக்கா இரண்டு மேஜை தூரத்தில் நின்றாள், திரும்பி வந்துவிட்டாள்.

திங்கட்கிழமைதான் போய் எதிரில் நின்றாள்.

“அன்னிக்கு எனக்கும் புரியலடி.”

“எதுக்கா?”

“மடிப்பு. எங்க வரும்னு எனக்கே தெரியாது. தெரியும்னு எழுதிட்டேன்.”

ஆவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “பரீட்சையில சரியா போட்டீங்களே.”

“குருட்டாம்போக்குல புள்ளி வச்சேன். தெரிஞ்சு போடல.”

“அப்போ மத்தவங்க?”

“யாருக்கும் தெரியாது. எல்லாரும் என்னைப் பார்த்து எழுதினதுதான்.”

நீராவி சீறி அடங்கியது. ஆவி கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. “அப்போ நான் ஒருத்தி மட்டும் முட்டாள் இல்ல.”

“நீ முட்டாளே இல்லடி. எழுதட்டுமான்னு கேட்டவ நீ ஒருத்திதான்.”

“ரெண்டு மாசமா என் பொண்ணுகிட்ட, அம்மா மண்டை அவ்வளவுதான்னு சொல்லிட்டு இருக்கேன். அவளும் நம்பிட்டா. போன வாரம் அவ கணக்குல மார்க் குறைஞ்சதுக்கு, ‘நான் உன்னை மாதிரிம்மா’ன்னு சொல்றா.”

கத்திரியக்காவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “வா, ஆபீசுக்குப் போலாம். நான் சொல்றேன். உன் பேரைச் சேர்க்கச் சொல்றேன்.”

“சனிக்கிழமையே எடுத்துட்டாங்க. பொண்ணு சொன்னது மனசு கேக்காம இன்னிக்குக் காலையில போய்க் கேட்டேன், முப்பது பேர் ஆச்சு, இடமில்லைன்னுட்டாங்க.” ஆவி அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். “சனிக்கிழமை நீங்க அந்தத் தூண் பக்கத்துல வந்து நின்னீங்க. நான் பார்த்தேன். ஏதோ சொல்ல வர்றீங்கன்னு தெரிஞ்சுது. நீங்களே வருவீங்கன்னு இருந்தேன்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. கேட்க இன்னும் ஏதாவது இருக்கிறதா என்பதுபோல் ஒரு கணம் பார்த்துவிட்டுக் காலரில் பெட்டியை இறக்கினாள்.

“அக்கா, உங்க மேஜையில குவியுது!” என்று சூப்பர்வைசர் கத்தினான்.

கத்திரியக்கா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆவி தேய்த்த சட்டைகள் கூடையில் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். காலர், கைப்பட்டி, பொத்தான் பட்டை; குறை என்று சீட்டு ஒட்ட எதிலும் இடமில்லை. எல்லாமே கையில் சூடாக இருந்தன.