நியூட்ரலை விட்ட நாகேந்திரன்

இஸ்மாயில் பாயின் டிராவல்ஸில் மொத்தம் பதினொரு வண்டிகள். பத்து டீசல், ஒன்று ஹைபிரிட். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஷெட்டில் ஹைபிரிட் வண்டியை ஓட்டுகிறவர் நாகேந்திரன். வயது ஐம்பத்து நான்கு. சொந்த ஊர் நகரி பக்கம். பத்தொன்பது வயதில் கரும்பு டிராக்டரில் ஏறியவர் பிறகு லாரி, ஜீப், டாக்ஸி என்று ஸ்டியரிங்கை விட்டு இறங்கியதே இல்லை.

போன வருடம் வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடது முழங்காலில் தகடு வைத்தார்கள். கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினொரு வண்டிகளில் கிளட்ச் இல்லாதது அந்த ஹைபிரிட் மட்டும்தான். ஆகவே அது நாகேந்திரன் கைக்கு வந்தது. அது போய்விட்டால் அவர் ஓட்டுவதற்கு ஷெட்டில் வேறு வண்டி கிடையாது.

இந்த நிலைமையில்தான் ஒன்றாம் தேதி காலை இஸ்மாயில் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“அண்ணா, பதினஞ்சு புள்ளி எட்டு.”

“இன்னாது பாய்?”

“உன் வண்டி மைலேஜ். விக்கும்போது இருபத்தஞ்சுன்னான். பதினஞ்சு புள்ளி எட்டு குடுக்குது. நம்ம சீனு டீசல்லயே பதினாறு எடுக்கறான். அப்புறம் எதுக்குண்ணா அவ்ளோ பெரிய பேட்டரி? சும்மா தூக்கினு சுத்தறதுக்கா?”

நாகேந்திரன் திரும்பி ஷெட்டில் நின்ற தன் வண்டியைப் பார்த்தார்.

“காட்பாடி தமிழ்ச்செல்வன் ரொம்ப நாளா கேட்டுக்கினு கீறாரு. பதினஞ்சாந்தேதி வர்றாரு. அவருக்குப் புடிச்சா குடுத்துடலாம்னு கீறேன்.”

“அப்போ நானு?”

“உன்ன உட்டுடுவேனா? ஆபீஸ்ல ஃபோன் எடுக்கற வேலை போட்டுத் தர்றேன். ஏசி ரூமு, நாற்காலி, டீ வந்துக்கினே இருக்கும்.”

அன்போடு சொன்னதுதான். நாகேந்திரனுக்கோ அந்த நாற்காலிதான் இடித்தது. அவர் வாழ்க்கையில் ஒரே நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தது முழங்கால் கட்டுப் பிரிக்கப் போன அன்று மட்டும்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எரிபொருள் மிச்சம் பிடிப்பதில் அந்த ஸ்டாண்டிலேயே பெரிய பேர் எடுத்தவர் அவர்தான். பட்டப்பெயரே ‘நியூட்ரல் நாகேந்திரன்’. சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே எங்கெங்கே இறக்கம் இருக்கிறது என்பது அவர் கைக்குத் தெரியும். கண் பார்ப்பதற்கு முன்பே கை கியரைத் தட்டி நியூட்ரலுக்குத் தள்ளிவிடும். இறக்கம் வருவதற்கு முன் ஒரே மிதியாக மிதித்து வேகம் ஏற்றுவார். பிறகு வண்டி தானாக உருளும். டவுனுக்குள் நுழையவே மாட்டார். நாலு கிலோமீட்டர் கூடினாலும் பைபாஸ்தான். பழைய டீசல் வண்டிகளில் இதெல்லாம் எவ்வளவு மிச்சம் பண்ணியது என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. ஆனால் எல்லோரும் நம்பினார்கள்.

இஸ்மாயில் கெடு வைத்த மறுநாளிலிருந்து நாகேந்திரன் தன் வித்தை அத்தனையையும் கூட்டினார். டயரில் காற்றை ஏற்றினார். காளஹஸ்திக்குப் போன ஒரு குடும்பத்தை ஏசி இல்லாமல் வேக வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். இறக்கம் என்று சொல்ல முடியாத இடத்தில்கூட நியூட்ரல் போட்டார். மூன்றாம் நாள் வண்டியின் திரையில் பதினைந்து புள்ளி நான்கு. இறங்கியிருந்தது.

சீனு சும்மா இருப்பானா? டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டான். “அண்ணே, டெலிபோன் ஆபரேட்டர் ஆவப் போறியாமே? ‘வணக்கம், டிராவல்ஸ்’னு ஒரு வாட்டி சொல்லேன், கேப்போம்.”

“உன் வண்டிய மொதல்ல தொடச்சு வை, போ.”

ஐந்தாம் நாள் திருமலைக்கு ஒரு சவாரி. மேலே ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்ப வேண்டும். அவர் மனைவி செங்கம்மா அன்னதானக் கூடத்தில் காய்கறி நறுக்கும் ஏழு நாள் சேவையை அன்றுதான் முடித்திருந்தார். இஸ்மாயிலிடம் போனில் சொல்லிவிட்டு மனைவியை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார் நாகேந்திரன். மடியில் லட்டுப் பை. கண்ணுக்கு நேராக வண்டியின் திரை.

முதல் வளைவு தாண்டியதும் செங்கம்மா திரையை உற்றுப் பார்த்தார்.

“இன்னாய்யா இது, டிவி மாதிரி கீது?”

“வண்டி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுது. நீ லட்டப் புடி, உருண்டுறப் போவுது.”

“சக்கரத்துலேர்ந்து பேட்டரிக்குப் பச்சையா ஒரு அம்பு போய்க்கினு இருந்துச்சு. நீ அந்தக் குச்சியத் தட்டுன, காணோம்.”

“குச்சி இல்ல மே, கியரு.”

“இன்னாவோ ஒண்ணு. எதுக்குத் தட்டுன?”

“இறக்கம். நியூட்ரல் போட்டா எண்ணெய் மிச்சம்.”

“எண்ணெய் மிச்சமாவுதோ இல்லியோ, அம்பு போச்சே.”

நாகேந்திரன் கியரைத் திரும்ப, வண்டி ஓடுவதற்கான ‘டி’க்குக் கொண்டுவந்தார். அம்பு வந்தது. நியூட்ரல் தட்டினார். அம்பு போனது. இன்னொரு முறை. இன்னொரு முறை.

“வெளக்கு போட்டு அணைக்கிற கொழந்த மாதிரி இன்னாய்யா பண்ற? ரோட்டப் பாரு!”

ரோட்டைத்தான் பார்த்தார். ஆனால் முப்பத்தைந்து வருடப் பழக்கம் அவர் கண் முன்னால் கவிழ்ந்துகொண்டிருந்தது. விஷயம் எளிது. ஹைபிரிட் வண்டியில் இன்ஜினோடு ஒரு மோட்டாரும் இருக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ, பிரேக்கை மெல்லத் தொட்டாலோ, ஓடுகிற சக்கரமே மோட்டாரைச் சுழற்றி பேட்டரியை நிரப்பும். அந்தச் சேமிப்பில்தான் பிறகு இன்ஜின் இல்லாமல் வண்டி ஓடும். நியூட்ரல் போட்டால் பேட்டரிக்குப் போகும் வழி அறுந்துவிடுகிறது. மலை முழுக்கச் சும்மா கொடுத்ததை ஒரு வருடமாக அவர் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. மலையிலிருந்து இறங்கும் வண்டிக்கு மேலேயே நேரம் போட்டுச் சீட்டு கொடுப்பார்கள். குறித்த நேரத்துக்கு முன்னால் கீழே போய்ச் சேர்ந்தால் அபராதம். திருப்பதி டிரைவர்கள் என்ன செய்வார்கள் என்றால், விரட்டிக்கொண்டு இறங்கி, சோதனைச் சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் மர நிழலில் நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு மிச்ச நிமிடங்களைக் கழிப்பார்கள். நாகேந்திரனும் அப்படித்தான். ஆபத்து என்று தெரிந்தே நியூட்ரலில் இறங்கி, வளைவுக்கு வளைவு பிரேக்கை நெரித்து, கீழே வந்து காத்திருப்பார். மிச்சம் பிடித்ததாக நினைத்ததையும் ஏசியில் விட்டுவிடுவார்.

அன்று அவசரப்படவில்லை. ‘டி’யிலேயே வைத்து, வளைவு வருவதற்கு வெகு முன்பே பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினார். நிழலில் சீனுவின் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. நாகேந்திரன் நிற்காமல் தாண்டினார். சாவடியில் சீட்டைக் கொடுத்தபோது நேரம் சரியாக இருந்தது. பேட்டரி நிரம்பியிருந்தது. அடிவாரத்து அலிபிரியிலிருந்து ஊருக்குள் லீலா மஹால் சர்க்கிள் வரைக்கும் இன்ஜின் எழவே இல்லை.

“இன்னாய்யா, சத்தமே காணோம். வண்டி நின்னு போச்சா?” என்று செங்கம்மா பயந்தார்.

“ஓடிக்கினுதான் கீது. நீ ஒரு லட்டு குடு.”

அறிவுக்குப் புரிந்தது கைக்குப் புரிய நாளாயிற்று. இறக்கத்தைப் பார்த்ததும் இடது கை தானாகக் கியருக்குப் போகும். அதற்காகக் கியர் தலையில் செங்கம்மாவின் பழைய கர்ச்சீப் ஒன்றைக் கட்டினார். துணி கையில் பட்டதும் நினைவு வந்து கையை எடுத்துக்கொள்வார். வலது கால் அதைவிடப் பிடிவாதம். ஆறுவழிச் சாலையில் நூற்றுப் பத்துக்குக் குறைந்தால் அதற்கு அவமானம். எண்பத்தைந்தில் நிறுத்த மூன்று நாள் ஆனது. சந்திரகிரிக்கு முன்னால் சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே பார்த்து காலை எடுத்துவிட்டு உருண்டு வந்தால், பின்னால் வருகிறவர்கள் ஹாரனிலேயே திட்டினார்கள்.

“இன்னாண்ணே, பெருமாளையா ஏத்தினு போற? பல்லக்கு கணக்கா போவுது!” என்று சீனு ஓவர்டேக் பண்ணிக்கொண்டே கத்தினான். அடுத்த சிக்னலில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

“சீக்கிரமா வந்துட்டியே, இன்னா பண்ற?” என்றார் நாகேந்திரன்.

எண் ஏறத் தொடங்கியது. பதினெட்டு. பத்தொன்பது புள்ளி ஏழு. பிறகு ஒரு முகூர்த்த நாளில் பைபாஸை அடைத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் டவுனுக்குள் மாட்டி, நின்று நின்று நகர்ந்து ஒரு மணி நேரம் போனது. எல்லாம் போச்சு என்று நினைத்துத் திரையைப் பார்த்தார். அந்த ஓட்டத்துக்கு இருபத்து நான்கு. ஊர்ந்து போகும்போது இன்ஜின் தூங்கியது. ஒவ்வொரு நிற்பும் பேட்டரிக்கு ஒரு வாய் சோறு. அத்தனை நாளும் டவுனுக்குப் பயந்து பைபாஸில் விரட்டியவர் அந்த நெரிசலின் நடுவே தனியாகச் சிரித்தார். பக்கத்து ஆட்டோக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பதினான்காம் தேதி சராசரி இருபத்தொன்று புள்ளி மூன்று. இஸ்மாயில் திரையை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

“மீட்டர் கெட்டுப் போச்சா அண்ணா?”

“கெடல பாய்.”

“செரி, ஆனா தமிழண்ணனுக்கு வாக்குக் குடுத்துட்டேன். நாளைக்கு வந்து பார்க்கட்டும். நீயே சித்தூர் வரைக்கும் ஓட்டிக் காட்டு.”

வீட்டில் செங்கம்மாவுக்கு இதைக் கேட்டதும் வேறு யோசனை.

“நல்லா ஓட்டுனா அந்தாளுக்கு ஆச வந்துரும். பழைய மாதிரி ஓட்டு. நியூட்ரல் போடு, மிதி. வேண்டாம்னு ஓடிப் போயிடுவாரு.”

“அப்புறம் பாய் வேற ஒருத்தருக்கு விப்பாரு.”

“அது அப்புறம் பார்த்துக்கலாம். நாளைக்கு ஒரு நாள் மட்டும்.”

நாகேந்திரன் காலையில் ஷெட்டிலிருந்து கிளம்பும்போதும் அப்படியே செய்வதாகத்தான் இருந்தார்.

தமிழ்ச்செல்வன் பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. காட்பாடியில் பதினைந்து வண்டிகள் வைத்திருக்கிறார். முன் சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் இஸ்மாயில். மீட்டரைப் பூஜ்யத்துக்கு வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். முதல் சிக்னல் சிவப்பு. இப்போது ஒரே மிதியாக மிதித்துக் கடைசியில் பிரேக்கை நெரிக்க வேண்டும். நாகேந்திரனின் வலது கால் கேட்கவில்லை. தூரத்திலேயே எடுத்துக்கொண்டது. அடுத்த சிக்னலிலும் அப்படியே. சந்திரகிரி தாண்டியபோது அவர் முயற்சியையே விட்டுவிட்டார். ஓட்டத் தெரிந்த பிறகு கெடுத்து ஓட்ட அவருக்கு வரவில்லை. போனால் போகட்டும் என்று தன் கைக்கு வந்தபடி ஓட்டினார்.

பாகாலா பக்கம் ஏற்றம். சித்தூர் திருப்பதியைவிட உயரத்தில் இருக்கிற ஊர். அப்படியும் சித்தூரில் டீக்கடை முன்னால் நிறுத்தியபோது திரையில் இருபத்திரண்டு புள்ளி ஒன்று.

தமிழ்ச்செல்வன் டீ கிளாஸோடு வண்டியைச் சுற்றி வந்தார். “இஸ்மாயிலு, வண்டி எனக்கு. முடிஞ்சிது. இத்த ஏன்யா விக்கற, உனுக்கு பைத்தியமா?”

நாகேந்திரன் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

“போவும்போது நான் ஓட்டறேன். இனிமே என் வண்டிதானே!” என்று சாவியை வாங்கிக்கொண்டார் தமிழ்ச்செல்வன். மீட்டரை அவரே பூஜ்யத்துக்கு வைத்தார்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் நாகேந்திரன் தன் பழைய உருவத்தைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தார். நூற்றிருபது. முன்னால் லாரி வந்ததும் சப்பென்று பிரேக். திரும்ப மிதி. இறக்கம் வந்ததும் கை கியருக்குப் போனது. “இன்னாது இது, துணி கட்டி வெச்சிக்கிறே?” என்று கர்ச்சீப்பைப் பிடுங்கிப் பின்னால் எறிந்துவிட்டு நியூட்ரல் போட்டார். “எண்ணெய் மிச்சம் புடிக்கறது எப்படின்னு பாரு!” பின் சீட்டில் இஸ்மாயில் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கர்ச்சீப்பை மடியில் வைத்திருந்தார்.

ஷெட்டில் வந்து நின்றார்கள். பதினாறு புள்ளி இரண்டு.

தமிழ்ச்செல்வன் திரையையே பார்த்தார். “மீட்டர் பொய் சொல்லுது.”

“இருங்க தமிழண்ணா,” என்றார் இஸ்மாயில். அவருக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. “ஏத்தத்துல இருபத்திரண்டு, இறக்கத்துல பதினாறு. ஒரே வண்டி, ஒரே ரோடு, ஒரே ஏசி. மாறுனது சீட்டுல குந்துன ஆளு மட்டும்தான்.”

“சரிப்பா. அப்போ வண்டியோட டிரைவரையும் சேர்த்துக் குடு. காட்பாடில வீடு பார்த்துத் தர்றேன்.”

“அவரு இல்லாத வண்டி உங்களுக்கு எதுக்கு? வண்டி இல்லாத அவரு எனக்கு எதுக்கு? ரெண்டும் இங்கயே கிடக்கட்டும் அண்ணா. வாங்க, பிரியாணி துன்னலாம்.”

தமிழ்ச்செல்வன் ஒரு கணம் முறைத்தார். பிறகு தானும் சிரித்துவிட்டார். போகும்போது நாகேந்திரனைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த வேகத்தில் போக வேண்டும், பிரேக்கை எப்போது தொட வேண்டும் என்று ரகசியமாகக் கேட்டுக்கொண்டு போனார். வேறெங்கோ ஒரு ஹைபிரிட் வாங்கப் போகிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

நாகேந்திரன் வீட்டுக்குப் போன் போட்டார்.

“மே, நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு எனக்கு ரேணிகுண்டா ஏர்போர்ட் டியூட்டி. நாலரைக்கெல்லாம் இட்லி வேணும்.”

அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு செங்கம்மா, “வண்டி போவலியா?” என்றார்.

“போவல.”

“நான் சொன்ன மாதிரி கெடுத்து ஓட்டுனியா?”

“நான் இல்ல. அவரே ஓட்டிக்கினாரு.”

செங்கம்மா சிரித்த சிரிப்பில் நாகேந்திரன் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. “இட்லிக்கு ஊறப் போடலய்யா,” என்றார் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு. “உப்புமாதான். துன்னுட்டு ஓட்டு.”