நிமிர்ந்து பார்த்த விமானம்

திருச்சி விமான நிலைய மதிலுக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தியாவின் இராணுவ விமானங்களைப் பார்ப்பதற்காகவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறேன். நேற்று தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு வெளியே பகல் முழுக்க நின்றும் ஒன்றும் பறக்கவில்லை. படம் எடுக்கக் கூடாது என்பதால் கையில் குறிப்பேடு மட்டும்தான்.

“ரொம்ப நேரமா மேலயே பாத்துக்கிட்டு இருக்கீங்களே, யாராவது வராங்களாண்ணே?” என்கிறார் டீ போடும் பெண்.

“இல்லை அக்கா, பிளேன் பாக்கத்தான் வந்தனான்.”

அவர் சிரித்து முடிப்பதற்குள் வானத்தில் இரைச்சல் கேட்கிறது. அடுத்த கணம் நான் பெஞ்சுக்கு அடியில் கிடக்கிறேன். சட்டையெல்லாம் டீ.

“ஐயையோ, என்னாச்சுங்க?”

“சண்டைக் காலத்தில இந்தச் சத்தம் கேட்டா பங்கருக்குள்ள ஓடிடுவம். ஒருநாளும் நிமிர்ந்து பாத்ததில்லை. ஒருக்காவது பாக்கோணும்.”

அவர் அடுப்பை அணைக்கிறார். “எந்திரிங்க. ஏர்ஃபோர்ஸ் பயிற்சி விமானம்தான், இன்னொரு சுத்து வரும். நானும் கூட நிக்கிறேன்.”

இருவரும் சாலையோரம் நிற்கிறோம். சத்தம் நெருங்க நெருங்க குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொள்கிறேன். சாம்பல் நிற வயிறும் இறக்கிய சக்கரங்களும் தலைக்கு மேலே கடந்து போகும்வரை நான் குனியவில்லை.

கண்ணை இறுக மூடிக்கொண்டிருப்பது அக்காதான்.