கழல மறுத்த பேடும், பெண் உட்காரும் பாதி பெஞ்சும்

இன்று காலை எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு வட்டத் துண்டு ஊர் ஆம்பிளைகளை எல்லாம் குனிய வைத்துவிட்டது.

உப்புத்தாள் ஒட்டி மரத்தைத் தேய்க்கிற மெஷின் தெரியும்தானே? கையடக்கமாக இருக்கும். அடியில் வட்டமாக ஒரு பேடு சுற்றும். அந்தப் பேடுதான்.

(ஃபேஸ்புக்கில் போட, நான் சொல்லச் சொல்ல மருமகள் ஜெபா போனில் தட்டுகிறாள். எனக்கு எழுத்து வராது. ஞாபகம் வரும். ஊருக்கு அதுதான் தொந்தரவு.)

நாளைக் காலை எங்கள் சபைக் கோயிலில் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற முன் பெஞ்சை வீட்டுக்குக் கொண்டுவந்து தேய்த்து வார்னிஷ் அடித்துத் தருவதாக என் மகன் செல்வின் வாக்குக் கொடுத்திருந்தான்.

தனியாகத் தொழில் தொடங்கியபின் கோயிலில் அவனுக்குக் கிடைத்த முதல் வேலை.

மூன்று மணிக்குள் வார்னிஷ் அடித்தால்தான் விடிவதற்குள் காயும். இல்லையென்றால் பெண் எழுந்திருக்கும்போது பெஞ்சும் சேர்ந்து எழுந்திருக்கும்.

மாப்பிள்ளை பக்கத்துப் பாதியை முடித்துவிட்டான். பெண் பக்கம் வந்ததும் உப்புத்தாள் பறந்துபோய் வேப்பமரத்தடியில் விழுந்தது. தாளைப் பிடித்துவைக்கிற சொரசொரப்பு பேடில் தேய்ந்துபோயிருந்தது.

புதுப் பேடு கையில் இருந்தது. முந்தாநாளே ஜங்ஷனில் வாங்கி வைத்திருந்தான். (அவ்வளவு விவரம். என் வீட்டுக்காரி வழியில் வந்தது.)

பழையது வந்தால்தானே புதியதைப் போட?

நடுவில் ஒரே ஒரு ஸ்க்ரூ. செல்வின் எல்-கீ என்கிற வளைந்த சாவியை விட்டு இடப்பக்கம் இரண்டு தடவை திருகினான். பேடும் கூடவே ராட்டினம் சுற்றியது.

அப்போது பெண்ணின் அப்பா வந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார். பெஞ்சை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவிப் பார்த்தார்.

"என்னடே செல்வின், மாப்பிள்ளைக்கு வழுவழுன்னு இருக்கு, எம் பிள்ளைக்கு முள்ளுமுள்ளா இருக்கு? இப்பமே ஓரவஞ்சனையா?"

"பேடு கழல மாட்டேங்கு சார்வாள்."

"சீலிங் ஃபேனைப் பாத்திருக்கியா? சுத்துத சாமானுக்கு மரை தலைகீழால்லா இருக்கும். வலப்பக்கம் திருகு."

வாத்தியார் சொல்லைத் தட்ட முடியுமா? வலப்பக்கம் ஒன்று திருகினான்.

எங்கள் ஊரில் ஒருவன் குனிந்து எதையாவது திருகினால் தெருவில் போகிறவன் சும்மா போகமாட்டான். தானும் ஒரு திருகு திருகிவிட்டுத்தான் போவான்.

எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கிற இசக்கி வந்தான். "சைக்கிள்ல இடது பெடல் இப்பிடித்தான். சார்வாள் சொல்லுதது சரி" என்று வலப்பக்கம் மூன்று. அவன் பிடி இரும்புப் பிடி.

பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து இடப்பக்கம் ஒன்று.

மணி பதினொன்றரை. செல்வின் முகம் சுண்டிவிட்டது.

"கையாலயே தேச்சிரட்டாப்பா?"

அந்தப் பெஞ்சில் என் வயதுக்கு வார்னிஷ் ஏறிக்கிடக்கிறது. கையால் தேய்த்தால் அந்தப் பெண்ணின் பேறுகாலத்துக்கு முடியும். ஊரில் இன்னொரு மெஷின் வைத்திருப்பவன் திசையன்விளைக்கு வேலைக்குப் போய்விட்டான்.

"ஏலே, நிறுத்துங்க" என்றேன். "செல்வின் இடப்பக்கம் ரெண்டு, சார்வாள் பேச்சைக் கேட்டு வலப்பக்கம் ஒண்ணு. இசக்கி வலப்பக்கம் மூணு. பால்காரர் இடப்பக்கம் ஒண்ணு. காலையில இருந்ததைவிட ஒரு முறுக்கு கூடுதலா வச்சிருக்கிய."

"அண்ணாச்சிக்கு எந்தப் பக்கம்னு தெரியுமாக்கும்?" என்றார் வாத்தியார்.

"இடப்பக்கம். மெஷின் வாங்குத அன்னைக்குக் கடைக்காரர் கழத்திக் காட்டுனாரு. கையில பச்சைக் கயிறு கெட்டியிருந்தாரு. மொதல்ல ஸ்க்ரூ குழியை ஊதுனாரு, பொறவுதான் கீயை விட்டாரு."

"இதைக் காலையிலயே சொல்லப்பிடாதா?"

"யாரு கேட்டிய?"

குழியைப் பார்த்தால் மரத்தூளும் பழைய வார்னிஷும் சேர்ந்து அடைத்துக் கிடந்தது. கீ பாதிக்குமேல் உள்ளே இறங்கவே இல்லை. ஜெபா ஊக்கு கொடுத்தாள். சுரண்டி எடுத்தேன். இசக்கி பழைய சைக்கிள் டியூபைப் பேடைச் சுற்றி இறுக்கிப் பிடித்தான். செல்வின் கீயைச் சுத்தியலால் பையத் தட்டி இறக்கி, இடப்பக்கம் ஒரே திருகு.

(பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருந்தோம். வெளியூரிலிருந்து யாரும் போன் போட்டுத் திட்ட வேண்டாம்.)

ஸ்க்ரூ வந்துவிட்டது.

பேடு வரவில்லை.

இசக்கி டயர் கழற்றுகிற நெம்புகோல் இரண்டை எதிரெதிரே கொடுத்து அமுக்கினான். சவ்வு மிட்டாய் மாதிரி நூல் நூலாக இழுத்துக்கொண்டு பேடு வந்தது.

இசக்கி முகர்ந்து பார்த்தான்.

"இது பஞ்சர் ஒட்டுத சொல்யூஷன்லா? எவம்லே இதுக்குள்ள ஊத்துனது?"

"அண்ணாச்சிக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே, கேளுங்க" என்றார் வாத்தியார்.

நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"வயசாயிட்டுல்லா சார்வாள். அது ஒண்ணு மட்டும் நெனவுல இல்ல."

புதுப் பேடு உட்கார்ந்தது. இரண்டு மணிக்குப் பெண் பக்கமும் முடிந்தது. வாத்தியார் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தப் பாதியில் போட்டு இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தார். ஒரு நூல்கூட மாட்டவில்லை. வார்னிஷ் டப்பாவை அவரே திறந்து செல்வினிடம் கொடுத்தார்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை. பேடு லேசாக ஆடியது. செல்வின் சாப்பிடப் போயிருந்தான். வீட்டில் அன்றைக்குத் தேங்காய்த் துவையல். இசக்கி டீ குடிக்கப் போயிருந்தான். அவன் கடைப் பலகையில் சொல்யூஷன் டியூப் ஒன்று திறந்து கிடந்தது. பாவம், ஆடுகிறதே என்று இடுக்கில் முழுவதையும் பிதுக்கிவிட்டேன்.

(மாமா, இதையும் போடவா? — ஜெபா)

போடும்மா. அவனுக இதையெல்லாம் எங்க பாக்கப் போறானுக.

பின்குறிப்பு: போட்டு ஐந்து நிமிடம் ஆகிறது. முதல் லைக் உங்கள் மகன். இசக்கி அண்ணன் காலி டியூபோடு வாசலில் நிற்கிறார், மாமா. — ஜெபா